பலூன் ஏறாத கதை: காலநிலை ஆய்வுகளுக்கு ஆலோசனைக் குழு எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஜூனில் சுவீடனின் வடகோடியில் உள்ள கிருனா நகரத்துக்கு அருகிலிருந்து ஒரு பெரிய பலூன் மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொன்னது, அந்த ஆய்வை நடத்திய ஹார்வர்டு பல்கலைக்கழகமே நியமித்திருந்த ஆலோசனைக் குழு. தன்னை நியமித்தவர்களின் ஆய்வையே ஒரு குழு நிறுத்தச் சொல்வது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கதைதான். மற்ற குழுக்கள் இடையிடையே வரும்.

அந்தப் பலூன் எதற்கு?

ஆய்வின் சுருக்கப் பெயர் ஸ்கோபெக்ஸ். சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கை விண்வெளிக்கே திருப்பி அனுப்பினால் பூமியின் சூடு குறையுமா என்ற கேள்வியின் ஒரு துண்டை அது ஆராய வந்தது.

இந்த யோசனை வானத்திலிருந்து குதித்ததில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத சல்ஃபர் டை ஆக்சைடு, மேகங்களுக்கும் மேலே இருக்கும் காற்றுப் படலமான அடுக்கு மண்டலத்துக்குப் போனது. அடுத்த ஓராண்டுக்கு மேல் உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. எரிமலை செய்ததை மனிதன் திட்டமிட்டுச் செய்தால் என்ன என்று பலர் முணுமுணுத்து வந்தார்கள். ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குருட்சன் 2006ல் அதை வெளிப்படையாக எழுதியபிறகு, மரியாதையான ஆய்வுத் தலைப்பாக அது மாறியது.

சல்ஃபர் டை ஆக்சைடு மேலே போய் சல்ஃபேட் துகள்களாக மாறுகிறது; வெயிலைத் திருப்புவது அந்தத் துகள்கள்தான். அவற்றில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஓசோனை அரிக்கும்; அடுக்கு மண்டலத்தையே சூடாக்கும். கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், இதைவிடச் சாதுவாக இருக்குமா என்று பார்க்க ஹார்வர்டின் ஃபிராங்க் கொய்ட்ச், டேவிட் கீத் ஆகியோரின் குழு விரும்பியது. சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பலூன். அதன் கீழே விசிறி பொருத்திய ஒரு மேடை. மேடையிலிருந்து 100 கிராம் முதல் 2 கிலோ வரை தூளைத் தூவுவது. ஒரு கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய தூள் மேகம் உருவாகும். மேடை திரும்பி வந்து அதற்குள் புகுந்து, துகள்கள் எப்படி ஒட்டுகின்றன, காற்றின் வேதியியல் எப்படி மாறுகிறது என்று அளக்கும். அவ்வளவுதான் திட்டம்.

கிருனாவில் நடக்கவிருந்தது இதுவும் இல்லை. விசிறி சுற்றுகிறதா, கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் வெறும் ஒத்திகை. ஒரு சிட்டிகைத் தூள்கூட வெளியே விடுவதாக இல்லை.

தூளே தூவாத பலூனுக்கா இவ்வளவு கலாட்டா?

நிறையப் பேர் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வியும்கூட. அந்தப் பலூனால் யாருக்கும் சளிகூடப் பிடித்திருக்காது. அதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

சண்டை வேறு இடத்தில். வெயிலை மட்டுப்படுத்துவது கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. கடல் அமிலமாவது அப்படியே தொடரும். துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழே இறங்கிவிடும் என்பதால், தொடங்கினால் தொடர்ந்து தூவிக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால், அதுவரை மறைந்திருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள் வந்து இறங்கும். இன்னொன்று மழை. பினாட்டுபோவுக்கு அடுத்த ஆண்டில் உலகின் நிலப்பகுதிகளில் மழை கணிசமாகக் குறைந்தது. அடுக்கு மண்டலத்தில் துகள்களை வைத்தால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பருவமழை பலவீனப்படலாம் என்று 2008லேயே கணினி மாதிரிக் கணக்குகள் காட்டின. வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் வெப்பமண்டல மழைப் பட்டை தெற்கே நகர்ந்து, சஹாராவின் தென் விளிம்பில் உள்ள சாஹேல் பகுதி வறளும் என்றன பின்னால் வந்தவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தால் என்னவாகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஓர் அரசியல் பயம்: "சமாளிக்க வேறு வழி இருக்கிறது" என்ற நினைப்பு வந்துவிட்டால் நிலக்கரியையும் பெட்ரோலையும் குறைக்கும் அவசரம் போய்விடும்.

ஆக, இரண்டு கிலோ தூள் பற்றிய கேள்வி வேதியியலாளர்களுக்கு. அந்த இரண்டு கிலோ எந்தக் கதவைத் திறக்கிறது என்ற கேள்வி எல்லோருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு அங்கேதான் நுழைகிறது.

ஹார்வர்டின் ஆலோசனைக் குழுவை யார் அமைத்தார்கள்? யார் இருந்தார்கள்?

பல்கலைக்கழக நிர்வாகம் அமைத்தது. உறுப்பினர்களை ஆய்வுக் குழுவே பொறுக்கினால் நன்றாக இருக்காது என்பதால், முதலில் வெளியாட்களைக் கொண்ட ஒரு தேர்வுக் குழுவைப் போட்டார்கள். 2019 ஜூலையில் தலைவராக லூயிஸ் பெட்ஸ்வொர்த் அறிவிக்கப்பட்டார். அப்போது அவர் கலிஃபோர்னியா மாநில அரசின் திட்ட அமைப்பு ஒன்றில் பொறுப்பில் இருந்தவர். சுற்றுச்சூழல் சட்டம், சர்வதேச அரசியல், இடர் ஆய்வு, காலநிலை அறிவியல் என்று பல துறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

காகிதத்தில் நல்ல கலவை. ஆனால் தேதியைக் கவனியுங்கள். ஆய்வின் வடிவமைப்பு 2014லேயே கட்டுரையாக வெளிவந்துவிட்டது. 2017ல் பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டபோது, அடுத்த ஆண்டே பறக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. குழு வந்தது 2019ல். பந்தல் போட்டு, சமையலும் முடிந்தபிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போல. கேட்காமல் இருப்பதைவிட இது மேல்தான். ஆனால் அந்த நேரத்தில் "வேண்டாம்" என்ற பதில் எல்லோருக்கும் அவமானமாகிவிடுகிறது.

குழு எதையெல்லாம் பரிசீலிப்பதாக இருந்தது?

ஐந்து விஷயங்கள். பணம் எங்கிருந்து வருகிறது, அதில் யாருக்காவது சுயநலம் உண்டா என்பது ஒன்று. சட்டப்படி சரியா என்பது இரண்டாவது. கருவிகளும் பலூனும் பாதுகாப்பானவையா, இந்த ஆய்வால் உண்மையில் புதிதாக ஏதாவது தெரியவருமா என்பவை அடுத்தவை. கடைசியாக, சம்பந்தப்பட்ட மக்களிடம் பேசியாகிவிட்டதா.

முதல் நான்கையும் ஆவணங்களை வைத்து மேசையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். நிதி விஷயத்தில் கொஞ்சம் பரபரப்பு இருந்தது உண்மை: ஹார்வர்டின் சூரிய ஒளி ஆய்வுத் திட்டத்துக்கு நன்கொடை தந்தவர்களில் பில் கேட்ஸும் ஒருவர் என்பதால், "கேட்ஸ் சூரியனை மறைக்கப் போகிறார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றாத மொழி இல்லை. நன்கொடையாளர்களின் பெயர்களைத் திட்டம் வெளிப்படையாகவே வைத்திருந்தது. அதனால் அந்த வதந்திக்கு ஆயுள் குறைந்ததா என்றால், இல்லை.

ஐந்தாவது விஷயத்துக்கு மேசையை விட்டு எழுந்து ஊருக்குப் போக வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது.

சுவீடனில் அப்படி என்ன ஆனது?

முதலில் அமெரிக்காவின் தென்மேற்கில்தான் பலூனைப் பறக்கவிடும் எண்ணம். பெருந்தொற்றும் வேறு கால அட்டவணைச் சிக்கல்களும் சேர்ந்து கொண்டதால், 2020 டிசம்பரில் இடத்தை மாற்றினார்கள். புதிய இடம் எஸ்ரேஞ்ச். சுவீடன் அரசுக்குச் சொந்தமான விண்வெளி நிறுவனம் நடத்தும் ஏவுதளம். பலூன் ஏவுவதில் பல பத்தாண்டு அனுபவம் கொண்ட இடம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிட நல்ல தேர்வு கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அது ஸாமி மக்களின் நிலம். நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியிலும் பரவி வாழும் பழங்குடி மக்கள் அவர்கள். கலைமான் மேய்ப்பு அவர்களுடைய வாழ்வின் நடுநாயகம். பனி உருகி மறுபடி உறைந்தால் கலைமானுக்குத் தீனி எட்டாது. காலநிலை மாற்றத்தின் அடி ஐரோப்பாவிலேயே முதலில் விழும் ஆட்களில் அவர்களும் உண்டு. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2021 பிப்ரவரி 24 தேதியிட்டு ஸாமி கவுன்சிலும், சுவீடனின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், கிரீன்பீஸ், பூமியின் நண்பர்கள் ஆகிய அமைப்புகளும் சேர்ந்து ஆலோசனைக் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பின. சூரிய ஒளியைக் குறைக்கும் தொழில்நுட்பமே தவறான திசை என்றது கடிதம். அதோடு நிற்காமல் ஆலோசனைக் குழுவையே கேள்வி கேட்டது: உங்கள் குழுவில் ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள். பறக்கவிடப் போகிற சுவீடனிலிருந்து ஒருவர் இல்லை, பழங்குடிகள் சார்பில் ஒருவர் இல்லை. பிறகு எங்கள் வானத்தைப் பற்றி நீங்கள் எப்படி முடிவு சொல்வீர்கள்?

மார்ச் மாதக் கடைசியில் சுவீடன் விண்வெளி நிறுவனம் விலகிக்கொண்டது. மார்ச் 31 அன்று ஆலோசனைக் குழுவும், பழங்குடி மக்களையும் சேர்த்து சுவீடனில் முறையாக மக்களைக் கலந்து பேசும்வரை ஒத்திகையை நிறுத்திவைக்கும்படி பரிந்துரைத்தது. ஆய்வுக் குழு ஏற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் முன்புதான் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள், இந்தத் துறை ஆய்வுக்கு ஐந்தாண்டுகளில் 10 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கலாம் என்று அறிக்கை வெளியிட்டிருந்தன. கூடவே, கட்டுப்பாட்டு ஏற்பாடுகளும் வேண்டும் என்றும் சொல்லியிருந்தன.

பிறகாவது பறந்ததா?

பறக்கவில்லை. 2023ல் டேவிட் கீத் ஹார்வர்டை விட்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2024 மார்ச்சில் ஸ்கோபெக்ஸ் முடிந்தது என்று ஹார்வர்டு அறிவித்தது. சூரிய ஒளி ஆய்வோடு தொடர்பில்லாத அடுக்கு மண்டல ஆய்வுகளுக்கு அந்த மேடையைப் பயன்படுத்தலாம் என்றார்கள்.

அப்படியானால் குழு ஜெயித்ததா, தோற்றதா?

இரண்டு தரப்பும் தோல்வி என்றே சொல்கிறது. ஆய்வை ஆதரித்தவர்கள் பார்வையில், தீங்கில்லாத ஓர் அளவீடு மூன்று ஆண்டு இழுத்தடிக்கப்பட்டுச் செத்தது. எதிர்த்தவர்கள் பார்வையில், குழு என்பதே ஆய்வுக்கு நல்ல பெயர் வாங்கித்தரப் போட்ட ஏற்பாடு. ஸாமி மக்கள் குரல் கொடுக்காமல் இருந்திருந்தால் அது தலையாட்டியிருக்கும்.

என் கருத்து: 2021 மார்ச்சில் குழு எடுத்த முடிவு சரி. நியமித்த நிர்வாகத்துக்குச் சங்கடம் என்று தெரிந்தும் எடுத்தார்கள், காரணத்தையும் பொதுவில் சொன்னார்கள். பிசகு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. இடம் தேர்வானபோது குழுவின் பேச்சுக்கு அதில் பங்கு இல்லை. ஏவுதளத்தின் வசதியைப் பார்த்து ஊர் முடிவானது. ஊரைக் கேட்பது பிறகு செய்யும் வேலையாக ஒதுக்கப்பட்டது. இன்னொரு குறையும் உண்டு. "நிறுத்து" என்று சொல்லத் தெரிந்த அந்த ஏற்பாட்டில், "இன்ன இன்ன செய்தால் தொடரலாம், இத்தனை நாளில் பதில் சொல்கிறோம்" என்ற பாதை தெளிவாக இல்லை. யாரை, எப்படி, எத்தனை முறை கேட்டால் போதும்? எதிர்ப்பவர் எதிர்த்துக்கொண்டே இருந்தால் என்ன? அதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

குழு உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைப் பிறகு அறிக்கையாக வெளியிட்டார்கள். இவ்வளவு சின்ன வெளிச் சோதனைக்குக்கூட இப்படி ஒரு மேற்பார்வை வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்களின் பதில்: வேண்டும்.

இதற்கு முன் இப்படி எங்காவது நடந்ததா?

பிரிட்டனில், பத்தாண்டு முன்பே. ஸ்பைஸ் என்ற ஆய்வு. அரசு ஆய்வுக் கவுன்சில்களின் பணம். பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள். நார்ஃபோக்கில் கைவிடப்பட்ட ஒரு விமானத் தளத்தில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கயிறு கட்டிய பலூனை ஏற்றி, பிற்காலத்தில் துகள்களை மேலே அனுப்பும் வழிக்கு ஒத்திகையாக, குழாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்பது. வெறும் தண்ணீர்.

அதற்கு ஒரு 'படிக்கட்டு' ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு வெளிக்குழு சரி சொன்னால்தான் அடுத்த படி. தலைவர் ஃபில் மக்நாட்டன், ஒரு சமூக அறிவியலாளர். 2011 ஜூனில் அந்தக் குழு ஐந்து அளவுகோல்களை வைத்துப் பார்த்தது. பாதுகாப்பு, சட்டம் இரண்டிலும் ஆய்வு தேறியது. ஆய்வின் நோக்கத்தை எல்லோருக்கும் தெளிவாகச் சொன்னீர்களா, இது எதிர்காலத்தில் எப்படிப் பயன்படும் என்று யோசித்தீர்களா, பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய வழி வைத்திருக்கிறீர்களா என்ற மூன்றிலும் இன்னும் வேலை பாக்கி என்றது.

செப்டம்பரில் சோதனை ஆறு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் இன்னொரு விஷயம் வெளியே வந்தது: ஆய்வோடு தொடர்புடையவர்கள் இதே தொழில்நுட்பத்துக்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். 2012 மே மாதம் ஆய்வுத் தலைவர் மாட் வாட்சன், எரிமலை ஆய்வாளர், வெளிச் சோதனையைக் கைவிடுவதாகத் தானே அறிவித்தார். ஆய்வுக்கூட வேலைகளும் கணினி மாதிரிகளும் தொடர்ந்தன.

ஸ்பைஸ் குழுவின் சிறப்பு, கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததுதான். எதில் தேறினோம், எதில் தேறவில்லை என்று ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. ஹார்வர்டுக்காரர்கள் இதை நன்றாகவே படித்திருப்பார்கள். இருந்தும் அதே இடத்தில் இடறினார்கள்.

பல துறைக்காரர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தால் சண்டை வராதா?

வரும். வர வேண்டும். பொறியாளர் "குழாய் அறுந்து விழாதா?" என்று கேட்பார். சட்டக்காரர் "எந்த ஒப்பந்தம் இதற்குப் பொருந்தும்?" என்பார். சமூக அறிவியலாளர் "இதை ஏன் இவர்கள் செய்கிறார்கள், வேண்டாமென்று சொல்ல யாருக்கு உரிமை?" என்பார். முதல் இருவருக்கும் மூன்றாமவர் நேரத்தை வீணாக்குகிறார் என்று தோன்றும். ஸ்பைஸிலும் ஸ்கோபெக்ஸிலும் கடைசியில் ஆய்வைத் தீர்மானித்தது மூன்றாமவரின் கேள்விதான். அதனால் சமூக அறிவியலாளரைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து, "மக்கள் தொடர்பு வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் குழுக்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான்.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

நினைப்பதைவிட அதிகம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தசாமி பாலா இந்தத் துறையின் மூத்த கணினி மாதிரி ஆய்வாளர்களில் ஒருவர். 2000ல் அவரும் அமெரிக்கக் காலநிலை அறிவியலாளர் கென் கால்டீராவும் சேர்ந்து எழுதிய கட்டுரை, சூரிய ஒளியைக் குறைத்தால் காலநிலை என்னவாகும் என்பதைக் கணினி மாதிரியில் பார்த்த தொடக்க கால முயற்சிகளில் ஒன்று.

வெளிச் சோதனையிலும் இந்தியா இருந்திருக்கிறது, கடலில். 2009 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் லோஹாஃபெக்ஸ் என்ற ஆய்வுக்குக் கிளம்பின. போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப்டவுனிலிருந்து புறப்பட்டது. தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல டன் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, பாசியை வளர்த்து, அது கார்பனைக் கடலடிக்குக் கொண்டுபோகிறதா என்று பார்ப்பது திட்டம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐ.நா. பல்லுயிர் ஒப்பந்த நாடுகள் இப்படிப்பட்ட கடல் உரமிடலைத் தவிர்க்கும்படி சொல்லியிருந்தன. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே ஜெர்மனியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் எதிர்த்தது. ஆய்வு அமைச்சகம் வேலையை நிறுத்திவைத்து, வெளி நிறுவனங்களிடம் அறிவியல், சட்டக் கருத்துகளைக் கேட்டது. அந்த மாதக் கடைசியில் அனுமதி கிடைத்தது.

முடிவு சுவாரசியம். இரும்பு போட்டதும் பாசி வளர்ந்தது. ஆனால் அந்தக் கடலில் சிலிக்கா குறைவு. ஓடு கட்டிக்கொண்டு கனமாக மூழ்கும் டயாட்டம் வகைப் பாசி வளரவில்லை. மென்மையான மற்ற வகைகள்தான் வளர்ந்தன. அவற்றைச் சின்ன ஓட்டுமீன்கள் தின்றன, அவற்றைப் பெரியவை தின்றன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். அதாவது, "இது வேலைக்காகும்" என்று கிளம்பியவர்களின் கை பலவீனப்பட்டது. சோதனையைத் தடுத்திருந்தால் இந்தத் தகவல் கிடைத்திருக்காது. எதிர்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

குழு எதுவும் இல்லாமல் செய்துவிட்டால்?

2022ல் ஓர் அமெரிக்கத் தொழில்முனைவு நிறுவனம் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் சல்ஃபர் டை ஆக்சைடு நிரப்பிய பலூன்களைச் சொல்லாமல் கொள்ளாமல் பறக்கவிட்டது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. விளம்பரத்துக்காக ஒருவர் செய்ததற்கு, ஒழுங்காகச் செய்ய நினைக்கும் மெக்சிகோ ஆய்வாளரும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் அலமீடா நகரில், அருங்காட்சியகமாக நிற்கும் ஹார்னெட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல் உப்புத் துளிகளைத் தெளித்துப் பார்த்தார்கள். வெயிலை அதிகம் திருப்பும்படி மேகங்களை வெண்மையாக்கும் ஆய்வின் ஒரு துண்டு. நகர நிர்வாகத்துக்கே செய்தித்தாள் மூலம்தான் முழு விவரம் தெரிந்தது. நகரம் அமர்த்திய வல்லுநர்கள் ஆபத்து இல்லை என்றார்கள். அப்படியும் ஜூனில் நகர மன்றம் ஒருமனதாக அனுமதி மறுத்தது. உப்பில் குறையில்லை, முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியும் இப்படி ஒரு குழுதானே?

இல்லை. ஐபிசிசி ஏற்கெனவே வெளியான ஆய்வுகளை அலசி அறிக்கை தருகிறது. யாருடைய சோதனையையும் அது அனுமதிப்பதோ நிறுத்துவதோ கிடையாது. அரசுகளுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் குழுக்கள் வேறு ரகம்: பிரிட்டனின் 2008 காலநிலைச் சட்டத்தில் பிறந்த காலநிலை மாற்றக் குழு, ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் சட்டமாக்கிய 15 பேர் கொண்ட அறிவியல் ஆலோசனை வாரியம். அந்த வாரியத்தில் ஒரே நாட்டுக்காரர் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது. ஸாமி கவுன்சில் சுட்டிக்காட்டிய குறையைச் சட்டத்திலேயே அடைத்திருக்கிறார்கள், குறைந்தபட்சம் ஐரோப்பாவுக்குள்.

குழு சொல்வதை ஆய்வாளர்கள் கேட்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் சட்டக் கட்டாயம் கிடையாது. பெயரே ஆலோசனைக் குழு. ஆனாலும் பரிந்துரை பொதுவில் வெளியானால், அதை மீறுவதற்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு நிறையத் தைரியம் வேண்டும். பிரிட்டனில் இதை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்: காலநிலை மாற்றக் குழுவின் ஆண்டு அறிக்கைக்கு அரசு நாடாளுமன்றத்தில் பதில் வைத்தே ஆக வேண்டும். ஏற்கலாம், மறுக்கலாம்; வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

ஒரு குழு உண்மையாகவே வேலை செய்கிறதா, பெயருக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் தேதியைப் பார்ப்பேன். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிய நாளுக்கும் குழு அமைந்த நாளுக்கும் நடுவே எத்தனை ஆண்டு? அப்புறம் நியமித்தவர் யார், ஆய்வில் பங்குள்ளவரா என்பது. உறுப்பினர்களில் எத்தனை பேர் சோதனை நடக்கும் நாட்டைச் சேர்ந்தவர்கள்? குழுவின் பரிந்துரைகள் அப்படியே பொதுவில் வருகின்றனவா, ஆய்வுக் குழுவின் செய்திக் குறிப்புக்குள் ஒரு வரியாக வருகின்றனவா? இதுவரை எதற்காவது "இல்லை" அல்லது "இப்படி மாற்று" என்று சொல்லியிருக்கிறதா? சில ஆண்டுகளாக இயங்கும் குழு ஒன்று எல்லாவற்றுக்கும் "சரி" என்றே சொல்லியிருந்தால், ஒன்று அந்த ஆய்வாளர்கள் அப்பழுக்கற்றவர்கள், இல்லையென்றால் குழு கூட்டத்துக்குத் தேநீர் குடிக்க வருகிறது.

உறுப்பினர் பட்டியலில் பெரிய பெயர்கள் இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய பெயர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

இப்போது இந்தத் துறையில் யாராவது வெளிச் சோதனை செய்கிறார்களா?

பிரிட்டனில் ஏற்பாடு நடக்கிறது. அரசின் ஆரியா என்ற ஆய்வு நிதி அமைப்பு 2025ல் சுமார் 5.7 கோடி பவுண்டு மதிப்பில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் சில சிறு வெளிச் சோதனைகளும் உண்டு. காலநிலை அறிவியலாளர் பியர்ஸ் ஃபார்ஸ்டர் தலைமையில் ஒரு மேற்பார்வைக் குழு இருக்கிறது. எந்த வெளிச் சோதனைக்கு முன்பும் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டை வெளியிடுவோம், உள்ளூர் மக்களைக் கலந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபக்கம் ஐரோப்பிய ஆணையத்தின் தலைமை அறிவியல் ஆலோசகர்கள் 2024 டிசம்பரில், இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கு ஒன்றியம் முழுக்க இடைக்காலத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். ஆய்வைப் பொறுப்போடு தொடரலாம் என்ற இடத்தை விட்டுவைத்தார்கள்.

ஆரியாவில் பார்க்க வேண்டியது, மேற்பார்வைக் குழு எப்போது வாய் திறக்கிறது என்பது. சோதனை நடக்கும் இடம் வரைபடத்தில் குறிக்கப்படும் முன்பா, அதற்கு எதிர்ப்புக் கடிதம் வந்த பின்பா?